தாமல் ஏரிக்கரையில் நின்றுபோன டம்பர்

நான் வேலை பார்த்த பணிமனையிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் போன மாதம் வீடு தேடி வந்தார். பின்பக்கம் புதருக்குள் துருப்பிடித்துக் கிடந்த பழைய டம்பருக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, அலுவலக வாசலில் மேடை கட்டி ஏற்றப் போகிறார்களாம். பக்கத்தில் ஒரு பலகை வைப்பார்களாம். அதில் வண்டியின் வரலாறும் பெருமையும் வர வேண்டுமாம். "அத ஓட்டினவங்கள்ல மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான் சார். ஒரு பக்கத்துக்கு மேல வேணாம்" என்றார். அவர் சொன்ன தோரணையைப் பார்த்தால் எனக்கும் ஒரு கோட் பெயிண்ட் அடித்து மேடையில் ஏற்றிவிடுவாரோ என்று தோன்றியது.

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அமெரிக்காவில் செய்தது, பதினைந்து டன் சுமக்கும், இரண்டு அணைக்கட்டுகளுக்கு மண் அடித்தது, கடைசியில் எங்கள் பக்கத்து ஏரிகளுக்கு வந்தது. எல்லாம் உண்மைதான். பலகையில் எழுத முடியாத உண்மை ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இப்போது நெடுஞ்சாலையில் ஜல்லி ஏற்றிக்கொண்டு பறக்கும் டிப்பரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். டம்பர் சாலைக்கான வண்டியே இல்லை. டயர் என் நெஞ்சு உயரம். டிரைவர் கூண்டில் ஒரு ஆள்தான் உட்காரலாம், அதுவும் இடது பக்கம். இன்ஜின் உறுமாது, கத்தும். நாங்கள் வேலை செய்த தாமல் ஏரி காஞ்சிபுரத்திலிருந்து ஐந்தாறு மைல். காற்று அடித்தால் காஞ்சிபுரம் எல்லையிலேயே கேட்கும் என்பார்கள். மண் கொட்டும் தொட்டியின் அடித்தளம் இரட்டைத் தகடு. இன்ஜின் புகை அந்த இரண்டு தகட்டுக்கும் நடுவே புகுந்து வெளியே போகும். தகடு சூடாகவே இருக்கும். அதனால் ஈரக் களிமண்கூட ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு விழும். பனிப் பிரதேசத்துக்காக எவனோ யோசித்துச் செய்தது. எங்கள் ஊரில் மண் சுமக்கும் பெண்கள் மழைநாளில் அதன்மேல் புடவை காயப்போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும். காஞ்சிபுரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து டம்பரையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

நான் முசரவாக்கத்துக்காரன். அப்பா ஏரி வேலை, கிணற்று வேலை என்று தலையில் மண் சுமந்தவர். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது, மூன்று வருடம் லாரி கிளீனர், வடக்கே ஓர் அணைக்கட்டில் நான்கு வருடம் டம்பர். என் படிப்பு அவ்வளவுதான். "அப்பன் தலையில சுமந்தான், புள்ள வண்டியில சுமக்கறான். மண்ணு மட்டும் நம்மள வுட மாட்டேங்குது" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

அணை முடிந்ததும் இரண்டு டம்பர்களைத் தாமல் ஏரிக்கரையை உயர்த்த அனுப்பினார்கள். வண்டியோடு என்னையும் அனுப்பினார்கள், தற்காலிக ஆளாக. என்னை நிரந்தரமாக்க ஃபோர்மன் ஒரு வரி எழுதினால் போதும். அவர் வேறு மாதிரி ஒரு வரி எழுதினாலும் போதும், நான் அப்பாவின் கூடைக்குத் திரும்பிவிடலாம்.

ஃபோர்மன் பெயர் கோதண்டம். குள்ளமான மனிதர். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அதனாலேயே எல்லோருக்கும் பயம். "பார்த்தேன் சார்" என்று அவரிடம் சொல்லவே கூடாது. "கண்ணு பொய் சொல்லும்பா. கையால தொட்டியா?" என்பார். தினமும் காலையில் இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் வண்டியை வலமாகச் சுற்றி வர வேண்டும். இருபத்திரண்டு இடங்களைக் கையால் தொட வேண்டும். முன் சக்கரத்து நட்டில் தொடங்கி, ஆயில் குச்சி, டீசல் டாங்க் மூடி, பிரேக்கின் காற்றுக் குழாய், தொட்டியைத் தூக்கும் தண்டு என்று போய், திரும்ப முன் சக்கரத்துக்கே வந்து சேர வேண்டும். ஒவ்வொன்றையும் தொடும்போது அதன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அவர் பின்னால் கைகட்டி நடந்து வருவார். ஒன்றை விட்டுவிட்டால் திட்ட மாட்டார். "முதல்லேர்ந்து" என்பார், அவ்வளவுதான். நான் மூன்றாம் சுற்று சுற்றுவதைப் பார்த்த ஓர் அம்மாள், வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் திருநீறு கேட்டாள்.

மந்திரிக்கும் மசியாத அந்த மனிதர் ஒரே ஒரு முறை நடுத்தெருவில் மசிந்து நின்றார். டம்பரை ஏற்றி வந்த டிரெய்லரின் அச்சு காஞ்சிபுரத்துக்குள் வரும்போது முறிந்துவிட்டது. வண்டியை இறக்கி நானே ஓட்டினேன். முன்னால் இருந்த சிறு பாலம் எடை தாங்காது என்று போலீஸ்காரர் நெசவாளர் தெரு வழியாகத் திருப்பிவிட்டார். காலை ஆறரை மணி. தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் வண்டியின் கத்தலைக் கேட்டு வீட்டுக்காரர் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "ஆகண்டி, ஆகண்டி!" என்று தெலுங்கில் கத்தினார். பிறகு எனக்காகத் தமிழில், "இன்ஜின அணைப்பா. அதிர்வுல இழை அறுந்துக்கினு போவுது" என்றார்.

வண்டியின் படியில் தொற்றிக்கொண்டு வந்த கோதண்டம் இறங்கிப் போய், அரசாங்க வண்டி, அவசர வேலை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்.

"கல்யாணப் பொடவை சார் இது. முகூர்த்தம் நிக்குமா உங்க ஏரிக்காக?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். மலையையே சுமக்கும் என்று நான் பீற்றிக்கொண்ட வண்டி, ஊதினால் பறக்கும் நூலுக்காகக் காத்திருந்தது. கோதண்டம் பாவின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கைகட்டியே நடந்து பார்த்தார். திரும்பி வந்து, "ஒவ்வொரு இழையையும் தொட்டுப் பார்க்கறாங்கப்பா" என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அதுதான், அதுவும் எனக்கு இல்லை.

தாமலில் வேலை நன்றாகவே போனது. ஒன்றாம் நம்பர் டம்பர் இரண்டு மாதத்தில் படுத்துவிட்டது. அதன் உறுப்புகளை எடுத்து எடுத்து என் இரண்டாம் நம்பருக்குப் போட்டோம். ஐப்பசி மழைக்குள் கரையை உயர்த்திவிட வேண்டும். மதகுக்குக் கிழக்கே ஓர் இடம் பலவீனமாக இருந்தது. அங்கே கரைக்குக் கீழே கூலிக்காரர்களின் குடிசைகள் வரிசையாக இருந்தன. மூன்றாவது குடிசை என் அக்கா எஸ்தருடையது. மச்சான் அரக்கோணம் பக்கம் வேலைக்குப் போயிருந்தார். அக்காவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் மட்டும்தான். சாதாரண லாரி அந்தச் சேற்றில் அச்சுவரை புதையும், மாட்டு வண்டியும் போகாது. டம்பர் ஒன்றுதான் போகும்.

இந்த நிலைமையில் ஆயுத பூஜை வந்தது.

பூஜை என்றால் கோதண்டத்துக்கு அதுவும் ஒரு நடைமுறை. "வண்டிய யார் ஓட்டறாங்களோ அவங்கதான் பொட்டு வெக்கணும்" என்றார். நான் கிறிஸ்தவன் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஊரே வந்து நின்றது, பாசன விவசாயிகளுக்குத் தலைவராக இருந்த வரதப்பனோடு. நான் ஏனோதானோ என்று செய்தால் நாளைக்கு ஒரு பேச்சு வரும். ஆகவே யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்தேன். கடையில் சந்தனத்தூள் வாங்கி, பன்னீர் விட்டுக் குழைத்து, விளக்குகளுக்கு, ரேடியேட்டருக்கு, ஸ்டீயரிங்குக்கு, ஆறு சக்கரத்துக்கும் வைத்தேன். டீசல் டாங்க் மூடி வட்டமாக, நடுவில் கொஞ்சம் புடைத்து, நெற்றி மாதிரியே இருந்தது. அதற்கு மட்டும் கட்டை விரலால் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. "நம்ம ஆளுங்ககூட இவ்ளோ நேர்த்தியா வெக்க மாட்டாங்கப்பா" என்றார் வரதப்பன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. செய்தி எங்கள் சபை உபதேசியாருக்கு எட்டி, அவர் தனியாக வருத்தப்பட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூஜைக்கு வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். அது தானாக உதிர வேண்டும். நானும் காலையில் வண்டியைத் துடைக்கும்போது பொட்டுகளைச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். அந்தத் தூளில் கடைக்காரன் என்னத்தைக் கலந்திருந்தானோ, காய்ந்ததும் சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது.

விஜயதசமியன்று எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்பட்டது. ஒரு நடை போனது. இரண்டாம் நடையில் பாதி வழியில் இன்ஜின் இருமியது, அடங்கிவிட்டது. மெக்கானிக் வந்தார். மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. ஃபில்டரைப் பார்த்தார், சுத்தம். திரும்ப ஸ்டார்ட் செய்தால் உடனே கத்தியது. ஒன்றரை நடைக்குப் பிறகு மறுபடியும் நின்றது. மறுநாள் அதே கதை, அதற்கடுத்த நாளும் அதே. ஓடாத வண்டி என்றால் ஒரு வழி பார்க்கலாம். இது தினமும் காலையில் நல்ல பிள்ளையாகப் புறப்பட்டு, எல்லோருக்கும் நம்பிக்கை கொடுத்துவிட்டு நின்றது.

நான்காம் நாள் வரதப்பன் ஃபோர்மனிடம் வந்தார். நான் சக்கரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் கெட்டவர் இல்லை, குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"பையன் நல்லவன்தான் சார். ஆனா அவன் மனசுல நம்பிக்கை இல்லாம பொட்டு வெச்சிருக்கான். அது வண்டிக்குத் தெரிஞ்சிபோச்சி. ஆள மாத்திப் பாருங்க."

"வண்டிக்கு எப்டிங்க தெரியும்?" என்றார் கோதண்டம்.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, இன்னா கோளாறுன்னு."

கோதண்டம் வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். அன்று மாலை என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு நாள் கீழ நில்லுப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் ஏதாவது கேட்பேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. கூண்டிலிருந்த என் துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த டிரைவர் நாற்காலி போனால் எனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

முனிரத்தினம் என்ற லாரி டிரைவரை ஏற்றினார்கள். பூசணிக்காய் உடைத்து, என் பொட்டுகளின் மேலேயே இன்னொரு கை சந்தனத்தை அப்பினார்கள். வண்டி ஒன்றரை நடை போய் நின்றது. நான் மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு மெட்ராஸிலிருந்து ஒரு நிபுணர் ஜீப்பில் வந்தார். கண்ணாடி, வெள்ளைக் கையுறை. டீசல் பம்பைக் கழற்றி, நூற்றுக்கணக்கான உறுப்புகளை வெள்ளைத் துணியில் பரப்பி, இரண்டு நாள் கழுவினார். மூன்றாம் நாள் மாட்டினார். வண்டி ஒரு நடை போய் வந்தது. "பம்ப் கோளாறு, சரிசெய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டம்பர் இரண்டாம் நடையில் நிற்பதற்குள் அவருடைய ஜீப் தாமல் எல்லையைத் தாண்டிவிட்டது.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது.

இரண்டே நாளில் ஏரி பாதிக்கு மேல் நிறைந்தது. மதகுக்குக் கிழக்கே கரையின் வெளிச்சரிவில் கசிவு தொடங்கியது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் அவ்வளவு பயமில்லை. இது கலங்கலாகக் கசிந்தது. கலங்கல் வந்தால் உள்ளே கரை கரைகிறது என்று அர்த்தம். மேலே கரையின் தலை ஓர் இடத்தில் இரண்டடி உள்வாங்கிவிட்டது. அக்காவிடம் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முசரவாக்கத்துக்குப் போகச் சொன்னேன்.

"ஆட்டக் கட்டிப் போட்டுட்டு எங்கடா போறது? கரை மேல நீதான இருக்கற?" என்றாள்.

"நான் இப்ப வண்டியில இல்லக்கா."

"தெரியும். ஊரே சொல்லிக்கினு இருக்குது." அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை பெரிய பூஜை என்று வரதப்பன் ஏற்பாடு செய்தார். குருக்கள், பதினோரு தேங்காய், மேளம்கூட உண்டு. எனக்குக் கொடுத்த வேலை, பூஜைக்கு முன்னால் வண்டிக்கு டீசல் ஊற்றுவது. முந்தின நாள் நின்ற இடத்திலிருந்து அதை யாரும் ஸ்டார்ட் செய்யவே இல்லை, மனம் வெறுத்துப்போய் அப்படியே விட்டிருந்தார்கள். மூடியைத் திருகினேன். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். கழன்ற கணத்தில் "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம். வெளிக்காற்று உள்ளே போகிற சத்தம்.

இத்தனை நாளும் மூடியைத் திறந்தவர் மெக்கானிக். சுற்றிலும் பத்துப் பேர் யோசனை சொல்லிக் கத்திக்கொண்டிருக்கும்போது அவர் எப்படிக் கேட்டிருப்பார்? மூடியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். டாங்க் நிறைய ஊற்றிய நாளில் வண்டி சீக்கிரம் நின்றதும், பாதி டாங்கில் கொஞ்சம் கூடுதலாக ஓடியதும் நினைவுக்கு வந்தது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியின் நடுப்புடைப்பில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. காற்று போகாவிட்டால் டாங்க் டீசலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், இன்ஜினுக்குக் கொடுக்காது. மூடியின் அடிப்பக்கத்தை வாயில் வைத்து ஊதினேன். கன்னம் வலித்ததே தவிர காற்று போகவில்லை. வாயெல்லாம் டீசல், மூக்கெல்லாம் சந்தனம்.

நம்பிக்கை இல்லாமல் பொட்டு வைத்தேன் என்று என்னை இறக்கினார்கள். அளவுக்கு மீறி நம்பிக்கையாக வைத்ததுதான் கோளாறு.

உடனே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். தட்டில் கற்பூரத்தோடு ஊர் வந்துகொண்டிருக்கிறது. ஏற்கெனவே சந்தேகத்தில் இருக்கிற ஆள், அதுவும் நான், "உங்க சந்தனம்தான் வண்டிய நிறுத்துது" என்று சொன்னால் யார் காது கொடுப்பார்கள்? கொடுத்தாலும் அடுத்த கேள்வி, முதலில் அப்பியது யார் என்பது. நான் வாயை மூடிக்கொண்டேன். பூஜை நடந்தது. மூடிக்கு மூன்றாவது கை சந்தனமும் ஏறியது. எல்லோரும் பிரசாதத்துக்கு நகர்ந்ததும், கரை ஓரத்துக் கருவேல மரத்தில் ஒரு முள்ளை ஒடித்து வந்து, சந்தனத்தின் நடுவே குத்தி, ஓட்டையைக் கண்டுபிடித்து, திருகித் திருகிச் சுத்தம் செய்தேன். ஊதிப் பார்த்தேன். காற்று போனது. சுற்றியிருந்த சந்தனத்தைத் தொடவில்லை.

அன்று டம்பர் ஒன்பது நடை போனது. ஒரு முறைகூட நிற்கவில்லை. கைதட்டினார்கள், குலவை போட்டார்கள். ஃபோர்மன் மெட்ராஸுக்குத் தகவல் சொன்னதற்கு, பம்ப் பழகிக்கொள்ளச் சில நாள் ஆகும் என்று தான் முன்பே நினைத்ததாக நிபுணர் பதில் அனுப்பினார். நானும் கைதட்டியவர்களில் ஒருவன். பாதி தட்டும்போதுதான் உறைத்தது. நான் இறங்கியபின் வண்டி ஓடுகிறது. என் கையாலேயே என் ராசியின்மையை நிரூபித்துவிட்டேன்.

"உன்ன எறக்கினதும் ஓடுதாமேடா" என்று அக்கா கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் குத்திக்காட்டவில்லை, கவலையாகத்தான் கேட்டாள்.

ஆனால் ஒன்பது நடை மண்ணும் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. கரையின் தலை பன்னிரண்டு அடி அகலம், டம்பர் பத்தடி. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் குடிசைகள். வண்டி திரும்ப வழியில்லை. முந்நூறு அடி பின்னோக்கியே ஓட்டிப் போய்த்தான் கொட்ட வேண்டும். முனிரத்தினம் சாலையில் கெட்டிக்காரன். ஈரக் கரை அவனுக்குப் பழக்கமில்லை. உள்வாங்கிய இடத்துக்கு நூறு அடி முன்னாலேயே கொட்டிவிட்டு வந்தான். அங்கிருந்து பெண்கள் கூடையில் சுமந்தார்கள். மழை அவர்கள் போடுவதைவிட வேகமாகக் கரைத்தது.

அன்று சாயங்காலம் கோதண்டம் வழக்கம்போல வண்டியை வலமாகச் சுற்றி வந்தார், தானே தொட்டுக்கொண்டு. டாங்க் மூடியில் அவர் விரல் நின்றது. சந்தனத்தின் நடுவில் இருந்த துளையை நகத்தால் தடவினார். முள்ளின் முனை உடைந்து அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது யாரு குத்தினது?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. தெரியாது சார் என்று சொன்னால் விஷயம் அதோடு போகும். தற்காலிக வேலையாவது மிஞ்சும். ஆனால் வண்டி இனி நிற்காது என்று இந்த மனிதருக்கு நிச்சயமாகத் தெரியாவிட்டால் என்னை மறுபடி ஏற்ற மாட்டார். என்னை ஏற்றாவிட்டால் அந்த இடத்துக்கு மண் போகாது. கீழே மூன்றாவது குடிசையில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள் அக்கா.

"நான்தான் சார்."

"சந்தனம் அப்பினது?"

"மொதல்ல அதுவும் நான்தான் சார்." பிறகு உஸ்ஸென்ற சத்தத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கழுத்து விசிலை உருட்டிக்கொண்டிருந்தார். "மூடிய தெனமும் என் எதுர்ல தொட்ட. நானும் பின்னாலயே வந்தேன். ரெண்டு பேருமே பொட்டுல விரல் படாம ஓரத்தத் தொட்டுட்டுப் போயிருக்கோம்" என்றார். பிறகு, "மெட்ராஸ்காரர் பம்புன்னு எழுதிட்டாரு. ஊரு பூஜைன்னு முடிவு பண்ணிடுச்சி. உன் சந்தனத்த எங்கப்பா எழுதறது?" என்று கேட்டார்.

"எழுத வேணாம் சார். என்ன வேணா பண்ணுங்க. நாளைக்கு ஒரு நாள் மட்டும் என்ன ஏத்துங்க."

அவர் முள்முனையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

காலையில் நான் வண்டியை வலம் வந்தேன். மூடியின் நடுவில் அழுத்தித் தொட்டு உரக்கச் சொன்னேன். வரதப்பனும் ஊராரும் குடையோடு வந்து வழியை மறித்தார்கள்.

"நல்லா ஓடிக்கினு இருக்கற வண்டி சார். இவன ஏத்தி நடுக்கரையில நின்னுட்டா? மழை பாருங்க எப்டி வருதுன்னு!"

"நின்னா நான் வேலைய வுட்டுட்டுப் போறேன்" என்றார் கோதண்டம். அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்கூட இல்லை. முனிரத்தினம் தன் பங்குக்கு, "ஏறுபா, எனக்கு அந்தக் கரையில ஒடம்பே ஒதறுது" என்று இறங்கி வழிவிட்டான்.

பின்னோக்கி ஓட்டுவதைச் சொல்ல வேண்டும். அந்த வண்டியில் கண்ணாடி இருந்தும் பயனில்லை, தொட்டி மறைக்கும். இடது கதவைத் திறந்து கட்டி வைத்துவிட்டு, ஒரு கையால் ஸ்டீயரிங், இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பாதி வெளியே தள்ளி, பின் சக்கரத்தின் விளிம்பையும் கரையின் விளிம்பையும் மட்டும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் அடி மண் தெரிய வேண்டும். மறுபக்கத்தை நான் பார்க்க முடியாது. அங்கே கோதண்டம் சக்கரத்தோடு சக்கரமாகச் சேற்றில் பின்னால் நடந்தார். ஒரு நீள விசில் என்றால் வா, இரண்டு குட்டை விசில் என்றால் நில். கரை கொஞ்சம் அமுங்கினாலும் எனக்கு முன்னால் அவர்தான் ஏரிக்குள் போவார். வண்டி கத்திய கத்தலிலும் அந்த விசில் மட்டும் தெளிவாகக் கேட்டது. முனிரத்தினம் கொட்டிய மண்ணைப் பெண்கள் வாரிப் பரப்பியிருந்தார்கள், அந்த இடத்தைத் தாண்டினேன். இன்னும் ஒரு நீள விசில். இன்னும் ஒன்று. அடியில் மண் நெகிழ்ந்தது பிரேக் மிதியில் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. இரண்டு குட்டை விசில். தொட்டியைத் தூக்கினேன். பதினைந்து டன் களிமண்ணும் சூட்டுத் தகட்டில் வழுக்கி, ஒரு பிடிகூட ஒட்டாமல், உள்வாங்கிய பள்ளத்திலேயே போய் விழுந்தது.

மதியத்துக்குள் ஆறு நடை. பள்ளம் மேடாயிற்று. பெண்கள் மண்ணை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கினார்கள். கீழே வெளிச்சரிவிலும் இரண்டு நடை கொட்டி அணைத்தோம். சாயங்காலம் கசிவு தெளிந்து வந்தது, பிறகு மெலிந்து நின்றது. வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. கோதண்டம் புத்தகத்தில், "டிரைவர் மாற்றம், நிர்வாகக் காரணம்" என்று எழுதினார். அடுத்த மாதம் என் பெயருக்கு எதிரே, என்னை நிரந்தரமாக்கும் அந்த ஒரு வரியையும் எழுதினார். அந்த வரியில்தான் முப்பத்தொரு வருடம் சாப்பிட்டேன்.

கடைசி நடைக்கு முன்னால் இன்ஜினை நிறுத்திக் கரையில் நின்றிருந்தேன். வரதப்பன் குடையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நேற்றைய பூஜைத் தேங்காயில் ஒரு பத்தையை என் கையில் வைத்தார். நன்றி சொல்லப் போகிறார், மன்னிப்பும் கேட்கப் போகிறார் என்று நினைத்து நான் கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றேன்.

"பார்த்தியாப்பா பூஜையோட சக்திய?" என்றார் என் தோளைத் தட்டி. "நீ ஏறியும் வண்டி நிக்கல பாரு!"

கோதண்டம் சட்டென்று ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது, சிரிப்பும் வந்தது, எது முதலில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. கீழே மூன்றாவது குடிசையின் கூரைக்குமேல் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. ஆடு கத்தியது.

"ஆமாங்க, பெரிய சக்திதாங்க" என்று சொல்லி, தேங்காயைக் கடித்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.